இரண்டாவது கியர்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மதகடித் திருப்பத்தில் ஜீப் உறுமியது. கொல்லையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த அரியமுத்து வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காதைச் சாய்த்தான்.

"இன்னும் ரெண்டாவதுலயே வலிக்கிறாரு பாரு. திருப்பந்தான் முடிஞ்சிருச்சே, மூணாவது போட்டா கையா ஒடிஞ்சிரும்?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி கொளஞ்சியம்மாள் சொன்னாள்: "அவரு வண்டி, அவரு எண்ணெய். உங்களுக்கு எங்க வலிக்குது? பஸ்ஸு போயிரப் போவுது."

"எஞ்சின் கத்துது புள்ள. ஒனக்குக் கேக்கலயா?"

அவளுக்குக் கேட்கவில்லை. எல்லா வண்டியும் அவளுக்கு ஒரே சத்தம்தான். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஆறு நாளைக்கான துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பூலாம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அரியலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் லாரி ஓட்டினான். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வருவான். மகள் மலர்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "வரேன்" என்று கிளம்பினான்.

அவன் கொளஞ்சியிடம் வாய் நிறையப் பேசிய கடைசிப் பேச்சு இன்னொருவருடைய வண்டியின் கியரைப் பற்றியதாக அமைந்துவிட்டது. அந்த வண்டி அவனுடையதாக இருந்திருக்க வேண்டியது.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் அந்த ஜீப்பை முதலில் பார்க்கப் போனது அவன்தான். அவனுடைய அப்பன் கடைசிவரை அடுத்தவர் வயலில் குனிந்தே கிடந்தவர். அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் அரியமுத்து. பண்ணைக்காரர் ஒருவரிடம் பதினோரு வருஷம் டிராக்டர் ஓட்டினான். பொழுதெல்லாம் ஓட்டலாம். சாயங்காலம் இறங்கியதும் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். "ஒரு சாவி, ஒரே ஒரு சாவி, ராத்திரி என் இடுப்புல கெடக்கணும் கொளஞ்சி" என்று அவன் அடிக்கடி சொல்வான். பச்சைமலை மேலிருந்த ஊர்களிலிருந்து மரவள்ளியும் புளியும் அப்போது தலைச்சுமையாகத்தான் இறங்கின. நோயாளிகள் தூளியில் வந்தார்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் ஒன்று இருந்தால் அத்தனை பேருக்கும் அவன்தான் வண்டிக்காரன்.

அரியலூரில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் வண்டி நின்றது. மிலிட்டரி ஏலத்தில் கழிந்து, இரண்டு மூன்று கை மாறி வந்தது. பச்சை வண்ணம் புதிதாக அடித்திருந்தார்கள். தரகர் பாலசுந்தரம் வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் நின்றார். அரியமுத்து கையோடு வெள்ளைச்சாமியைக் கூட்டிப் போயிருந்தான். பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். கொளஞ்சிக்குத் தம்பி முறை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போகிற வழி என்பதால் கொளஞ்சியும் மூன்று வயது மலர்கொடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட நின்றாள்.

வெள்ளைச்சாமி மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாமா, இது ஒரு தடவ உருண்டு எந்திரிச்ச வண்டி."

"யாருய்யா ஒனக்குச் சொன்னது?" என்றார் பாலசுந்தரம்.

"வண்டியே சொல்லுது. எடது பக்கத் தகடு பூரா புதுசு. மேல வளைச்சிருக்கிற கம்பி வேற வண்டியோடது. அடிச்சட்டம், இந்த சேஸு, அதுல வெல்டு ஓடிருக்கு."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல முதுகுல மச்சம் இருக்கான்னு கேப்ப போலருக்கே!"

"மச்சம்னா பரவால்லீங்க. இது தையல் போட்ட முதுகு."

பாலசுந்தரமே சிரித்துவிட்டார். வெள்ளைச்சாமி எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தான். புகை வரவில்லை. திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். அவன் முகம் தெளிந்தது. "ஏறுங்க மாமா" என்றான். "அக்கா, நீயும் ஏறு. வெயிட்டோட பாக்கணும்."

வற்றிய ஏரிக்குள் வண்டியை இறக்கி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குட்டைக் கியரை இழுத்துப் போட்டு, கரையின் செங்குத்தில் அரியமுத்து ஏற்றினான். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. மலர்கொடி கைகொட்டினாள். கண்ணாடியில் தெரிந்த புருஷன் முகத்தைக் கொளஞ்சி பார்த்தாள். கல்யாணத்தன்று கூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

அவள் பின்னால் இடது பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வண்டி நிமிர்ந்த நேரம் பிடிமானத்துக்காக ரெக்சின் தையலுக்குள் விரலை நுழைத்தாள். சுருக்கென்று குத்தியது. இழுத்துப் பார்த்தால், நகத்தளவு கண்ணாடி வளையல் துண்டு. சிவப்பு.

யாரோ ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். கம்பியில் இடித்துக்கொண்டும் வளையல் உடையும். குடம் தூக்கும்போதும் உடையும். அவளுக்கே மாதத்தில் இரண்டு உடைகிறது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தகடு மாற்றிய பக்கமும் இதுதான். துண்டைக் கரைக்கு வெளியே எறிந்துவிட்டு விரலை முந்தானையில் அழுத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவனிடம் எப்படிச் சொல்வது?

இறங்கியதும் அரியமுத்து கேட்டான்: "வாங்கலாமா, வேணாமா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"எஞ்சின் சிங்கம் மாமா. ஒடம்புதான் அடிபட்டது. சேஸுக்கு ரெண்டு பக்கமும் பட்டை வச்சுக் கட்டிட்டா பத்து வருஷம் ஓடும். ஆனா மலையில ஏத்தப் போறீங்க. ஒத்த வார்த்தையில சொல்ல நா மெக்கானிக்குதான, சாமியாடியா?"

அந்தப் பேச்சில்தான் அரியமுத்துவுக்குப் பூக் கேட்கிற நினைப்பு வந்தது. அவர்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் செல்லியம்மனிடம் பூக் கேட்காமல் நடக்காது. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம்.

பூவை மடிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. வெள்ளிக்கிழமை விடியலில் தலைக்குக் குளித்துவிட்டுக் கொளஞ்சி கிணற்றடிக்குப் போனாள். வெள்ளையில் ஒன்று பறித்தாள். சிவப்பில் ஒன்று பறித்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெள்ளையைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு இன்னொரு சிவப்பைப் பறித்தாள். இரண்டையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்து, தன் நீலப் புடவையின் ஓரத்தில் உருவிய நூலால் கட்டினாள். அம்மனை ஏமாற்றுகிறோம் என்று பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தை விட இடது பக்கத்துத் தகடு பெரிதாக இருந்தது.

மலர்கொடி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். "அம்மா வேணாங்குறா அரியமுத்து" என்று சொல்லி, சிவப்புப் பூவைச் சூலத்தில் செருகினார்.

அரியமுத்து சூலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரி. கேட்டாச்சு, சொல்லியாச்சு" என்றான். மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "நீங்க வூட்டுக்குப் போங்க, நா ஓடையில வுட்டுட்டு வரேன்" என்று நடந்தான்.

ஓடை கூப்பிடு தூரம். அவன் வர வெகுநேரமாயிற்று. சோற்றைப் போட்டாள். பாதி சாப்பிட்டதும் நிமிராமலே கேட்டான்: "மலைன்னா ஒனக்குப் பயமா?"

"எனக்கென்ன பயம்" என்றாள் அவள்.

அவன் கையைக் கழுவ எழுந்தான்.

அடுத்த மாதமே அந்த ஜீப் பூலாம்பாடிக்கு வந்தது. மலேயாவிலிருந்து திரும்பியிருந்த நல்லதம்பி வாங்கிவிட்டார். சேஸுக்குப் பட்டையும் வைத்துக் கட்டினார். நேராக அரியமுத்து வீட்டுக்கு வந்து, "அரியா, எனக்கு ஓட்டத் தெரியும்னு நாந்தான் சொல்லிக்கணும். நீ வந்து ஒக்காரு, சம்பளம் நீயே சொல்லு" என்றார்.

"வேற எந்த வண்டின்னாலும் கூலிக்கு ஓட்டுவேண்ணே. இது வேணாம்" என்றான் அரியமுத்து. அவர் போன பிறகு அவன் டிராக்டர் சாவியையும் பண்ணைக்காரர் வாசல்படியில் கடைசியாக வைத்துவிட்டு, அரியலூர்ச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டப் போனான். நல்லதம்பி தானே ஜீப்பை ஓட்டினார், இழுத்து இழுத்து. மலையில் ஏற்றினார், இறக்கினார். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்றாம் நாள், மழை விட்டிருந்த மத்தியானத்தில் அரியமுத்து கழிவு மண்ணைக் கொட்ட லாரியைப் பின்னால் எடுத்தான். ஊறிப்போயிருந்த ஓரம் சக்கரத்தோடு சரிந்தது. லாரி இடது பக்கமாகப் பள்ளத்துக்குள் போனது.

சேதி மறுநாள் காலையில் வந்தது. தரைப்பாலத்துக்கு மேல் வெள்ளம் போனதால் பஸ் நின்றுபோயிருந்தது. நல்லதம்பி ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "தங்கச்சி, ஏறு. இது போவும்" என்றார்.

போனது. திரும்பியும் வந்தது. வரும்போது அரியமுத்துவைப் பின்னால் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். கால்கள் வெளியே நீண்டிருந்ததால் துண்டால் கட்டியிருந்தார்கள். கொளஞ்சி இடது பக்கப் பலகையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். தரைப்பாலத்தில் தண்ணீர் காலையில் பார்த்ததை விட ஏறியிருந்தது. இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். நல்லதம்பி குட்டைக் கியரை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். தண்ணீர் கால்தட்டுக்குள் வந்தது. வண்டி ஒரு பக்கம் நகர்ந்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஒரு தடவை கூட விக்கவில்லை. மாட்டைப் போல மெதுவாக, தலையை ஆட்டிக்கொண்டு அக்கரையில் ஏறியது.

கொளஞ்சியின் விரல் தானாக ரெக்சின் தையலுக்குள் போயிருந்தது. உள்ளே மணல்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுரங்க ஆபீஸில் காட்ட லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். சுரங்கத்திலிருந்து வந்த அவன் சாமான்களைப் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்து எடுத்தாள். உறைக்குள் லைசென்ஸுக்குப் பின்னால் ஏதோ மடிந்திருந்தது. கவிழ்த்தாள். காய்ந்து பழுப்பான பூவரச இலை ஒன்று விழுந்தது. அதற்குள் நசுங்கிக் கறுத்த சிவப்பு அரளி. கூடவே, அவிழ்த்த பிறகு விரலில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வைத்த நீல நூல்.

முதல் பூவைப் பூசாரி சூலத்தில் செருகியதை அவள் கண்ணால் பார்த்தவள். இது மற்றது.

அவன் ஓடையில் விடவில்லை. பிரித்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்துத்தான் மலை பயமா என்று கேட்டிருக்கிறான். அவள் எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டாள். பயமில்லையென்றால் பின் எதற்காகச் செய்தாள் என்று அவன் நினைத்திருப்பான்? தன் கையை அவள் நம்பவில்லை என்றா? சாவி இடுப்பில் கிடக்கிற தகுதி தனக்கில்லை என்று பெண்டாட்டியும் நினைக்கிறாள் என்றா? இரண்டே முக்கால் வருஷம் அதை உறையில் வைத்துக்கொண்டு, ஒரு சுடுசொல் சொல்லாமல், காலையில் அந்த ஜீப்புக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். வளையல் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இனி யாரிடம் சொல்வது?

பொழுது விடிகிற வரை பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மலர்கொடி எழுந்து வந்து, "என்னம்மா பூவு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, போயி பல்லு வெளக்கு" என்று சொல்லி, இலையை மடித்து, அதே நூலால் கட்டினாள்.

ஆறு மணிக்கு மதகடித் திருப்பத்தில் ஜீப் உறுமியது. கொளஞ்சி காதைக் கொடுத்தாள். முதல் தடவையாக அவளுக்குக் கேட்டது. திருப்பம் முடிந்தது, கோயில் தாண்டியது, நேர்ச்சாலை வந்தது. நல்லதம்பி இன்னும் இரண்டாவதிலேயே போய்க்கொண்டிருந்தார்.