அம்மாவின் அறை காலி

மலைமேலிருக்கும் நாகலூரில் ஜாபெஸ் தன் வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டே ஆக்கியபோது, பள்ளத்தாக்கு தெரிகிற அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவன் அம்மா சாந்தாமேரியின் அறை. வருகிறவர்களுக்கு வீட்டுச் சூழல் வேண்டுமே என்று, வீட்டிலிருந்தவரைச் சமையலறைக்கு மாற்றினான். தொழில் ஓடியது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

“ஏங்கண்ணு, அந்த ரூம்பு என்னைக்காச்சும் காலியா இருக்குமா? என்ர கட்டல்ல படுத்து நொம்ப நாளாச்சு,” என்றார் சாந்தாமேரி ஒருநாள்.

“பாத்துட்டுச் சொல்றேனுங்க,” என்றான், போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே குரலில்.

அந்தச் சனிக்கிழமை வரவேண்டிய குடும்பம் வரவில்லை. ஜாபெஸ் சாவியை அம்மாவிடம் கொடுத்தான். சாயங்காலம் அவன் டீ கொண்டுபோனபோது, அவர் கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.

“கட்டல்ல படுக்கலயாம்மா?”

“பெட்ஷீட்டு கசங்கிரும் சாமி. இந்தப் பனியில தொவைச்சா எங்க காயுது? நாளைக்கு ஆளு வருதில்ல?”

அவன் டீயைப் பாயருகே வைத்தான். கதவைத் தட்டாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனான்.