பெயர் சொல்லாத இருபத்திரண்டு விரல்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. காரிமங்கலம் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசியதைத் திருடினேன். இதிலுள்ள பொய்கள் மட்டும் எனக்குச் சொந்தம்.

முதல் தொடக்கம்: 'தொழில்நுட்பம் கிராமத்தின் கதவைத் தட்டியபோது—'

(அடித்தாயிற்று. எங்கள் பக்கம் பகலில் எவனும் கதவைச் சாத்துவதில்லை. எதைத் தட்டும்?)

இரண்டாவது தொடக்கம்: தீர்த்தம்மாள் சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்தபோது நாற்பத்தொரு பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது இருக்கட்டும்.

2

ஊருக்குப் புதிதாக ஒரு தெருக்குழாய். ஏற்கெனவே இரண்டு குழாய் உள்ள கீழத்தெருவுக்கா, ஒன்றுகூட இல்லாத மேட்டுத்தெருவுக்கா? கூட்டம் எதைச் சொல்கிறதோ அதற்கு. தீர்த்தம்மாள் மேட்டுத்தெரு. தினம் எட்டுக் குடம் மேடேற்றி முட்டி தேய்ந்தவள்.

கூட்டத்தை நடத்த சென்னையிலிருந்து இளம்பரிதி வந்திருந்தார். முப்பது வயது, கழுத்தில் அட்டை. (ஒரு ஆளுக்கு இது போதுமா? ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் இரக்கம் வரவில்லை. எடுத்துவிட்டேன்.) சுவரில் கட்டம் கட்டமாக ஒரு படம் விழுந்தது. அதைப் போனில் பிடித்தால் கேள்வி வரும். விரலால் தொட்டால் பதில் சுவரில் ஏறும்.

"யார் பேரும் வராதுங்க. பயமில்லாம தொடுங்க. உரையாடல் ஆழமாகும்," என்றார்.

"எத்தன அடிங்க சார்? இங்க ஆயிரம் அடி போர் போட்டாலே புகைதான் வருது," என்றது பின்வரிசை.

தீர்த்தம்மாள் கேட்டாள்: "எங்கிட்ட பட்டன் போனு தம்பி. நான் எதத் தொடறது?"

"நீங்க பார்வையாளரா இருங்கம்மா."

முட்டி தேய்ந்தவள் பார்வையாளர்.*

* உரையாடல் இந்த இடத்தில் எத்தனை அடி ஆழமானது என்று எனக்குத் தெரியவில்லை.

3

மேட்டுத்தெரு 22. கீழத்தெரு 19.

தீர்த்தம்மாள் எண்ணிப் பார்த்தாள். அவள் தெருவிலிருந்து போனோடு வந்தவர்கள் நாலே பேர். மீதிப் பதினெட்டு? கீழத்தெருக்காரர்களேதான். பாதிப் பேருக்குக் கீழத்தெரு மாதையனின் மாந்தோப்பில்தான் கூலி. மாதையனோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். போனைக் கேலி செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் அந்தப் பதினெட்டுப் பேரும் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன கட்டம் சொல்லவைத்துவிட்டது. (இந்தப் பத்தியை எடுத்துவிட இரண்டு நாள் முயன்றேன். தொலையட்டும்.)

மாதையன் திரும்பினார். "யார்றா அந்த இருவத்திரண்டு?"

"அது காட்டாதுங்க சார். அதான் இதோட சிறப்பு," என்றார் இளம்பரிதி.

"ஓகோ." மாதையன் கட்டத்தைப் படம் பிடித்தார். பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் போட்டார்.

4

பெங்களூர் தொட்டது. ஓசூர் தொட்டது. நாக்பூரில் லாரி ஓட்டும் மாதையனின் மருமகன் வண்டியை ஓரங்கட்டித் தொட்டார். செத்துப்போய், போன மாதம் முதல் திதியும் முடிந்த பெரியப்பாவின் போனிலிருந்தும் ஒன்று வந்தது.* கீழத்தெரு 60. 140. 311.

* சத்தியம். அவர் சிம்முக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாப்பத்திரண்டு பேர் உக்காந்த எடத்துல முந்நூறு பதிலு! இப்படியொரு பங்கேற்ப நான் பாத்ததே இல்லைங்க!" தானே கைதட்டினார்.

தீர்த்தம்மாள் எழுந்தாள். "அந்த முந்நூறு பேரும் இங்க வந்தா தண்ணி புடிக்கப் போறாங்க?"

"டேட்டா வந்துருச்சேம்மா..."

"உன் டேட்டாவ நீயே குடி சாமி. மாதையண்ணா, இங்க இருக்கறவங்க மட்டும் கை தூக்கட்டுங்களா?"

"தாராளமா தூக்கட்டும் தீர்த்தம்மா. நானும் பாக்கறேன்." மாதையன் நாற்காலியைக் கூட்டத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

5

தீர்த்தம்மாளின் கை மேலே போயிற்று.

முடிவு ஒன்று: இருபத்திரண்டு கைகளும் ஒரே நேரத்தில்— (சினிமா.)

முடிவு இரண்டு: மாதையன் மனம் திருந்தி— (நான் பொய்யன்தான். அவ்வளவு பெரிய பொய்யன் இல்லை.)

முடிவு மூன்று: வேறு ஒரு கைகூட— (நடந்திருக்கும். எழுத வரவில்லை.)

இவ்வளவு நேரமும் நீங்கள் அவள் பக்கம்தான். எனக்குத் தெரியும். தனியாக, யாரும் பார்க்காமல், பெயரில்லாமல் படித்துக்கொண்டிருந்தீர்கள். மாதையன் இப்போது உங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். நாளைக்குத் தோப்பில் காய் பறிப்பு.

தூக்குங்கள்.

என்னை ஏன் பார்க்கிறீர்கள்? வருடா வருடம் என் வீட்டுக்கு வரும் மாம்பழக் கூடை அவர் அனுப்புவது.