ஊரே ரயிலேறிய திங்கட்கிழமை

பத்து வருஷமாக ஜட்மிகோவின் வேலையைக் காப்பாற்றி வந்தது ஜகார்த்தாவின் போக்குவரத்து நெரிசல்தான். அசந்து தூங்கிவிட்டு ஒன்பதரைக்குப் போய், "ஜாம், பாக்" என்று, அதாவது நெரிசல் ஐயா என்று, பவ்யமாக நிற்பான். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

அதில் மண்ணைப் போட்டது பாழாய்ப்போன ரயில். அவன் குடியிருந்த புறநகரான பெக்காசியிலிருந்து தூண்மேல் ரயில் விட்டதும் மேலாளர் பாக் குந்தோரோ அவனைக் கூப்பிட்டார்.

"ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்க. இனி ஜாம்னு வாயத் திறந்தா மூணாவது. அதோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திங்கள்லேருந்து நானே ரயில்லதான் வரப்போறேன், தெரிஞ்சுக்க."

திங்கட்கிழமை அவன் கார் சாவியை எடுத்ததும் மனைவி லிலிஸ் முறைத்தாள். "என்னங்க, ஸ்டேஷன் நாலு எட்டுல இருக்கு. நடந்து போய்த் தொலைங்களேன்."

"அடி பைத்தியமே, ஊரே ரயிலேறிடுச்சு. ரோடு காலியா கிடக்கும். இன்னைக்குக் காரை எடுக்காம வேற என்னைக்கு எடுக்கிறது?"

எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். அதே மூளை பெக்காசியில் வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது. பஸ்ஸில் போனவன், பைக்கில் போனவன், காரைத் தூசி படிய விட்டிருந்தவன், அத்தனை பேரும் காலி ரோட்டை அனுபவிக்கக் கிளம்பிவிட்டார்கள். எட்டரைக்கு ஜட்மிகோவின் கார் அசையவில்லை. தலைக்கு மேலே ரயில் ஒன்று போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. மூன்றாவது கடிதத்தை நினைத்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குக் கைபேசி அடித்தது. குந்தோரோதான்.

"எங்கய்யா இருக்க?"

"ரயில்ல, பாக். நிக்கக்கூட இடமில்ல."

"ஹார்ன் சத்தம் கேக்குதே?"

"கதவோரமா நிக்கிறேன், கீழ ரோட்டுச் சத்தம். உங்க பக்கமும் கேக்குதே, பாக்?"

"நானும் கதவோரந்தான்."

அந்த நேரம் பார்த்து, தாஹு என்கிற பொரித்த சோயாக்கட்டி விற்பவன் கார்களுக்கு நடுவே, "தாஹு, சுடச்சுட தாஹு" என்று கூவிக்கொண்டு வந்தான். அந்தக் குரல் ஜன்னலில் ஒருமுறை கேட்டது, கைபேசியில் மறுமுறை கேட்டது. ஜட்மிகோ மெல்லத் தலையைத் திருப்பினான். அடுத்த காரில், கைக்கெட்டும் தூரத்தில், மடியில் தாஹுப் பொட்டலத்தோடு பாக் குந்தோரோ உட்கார்ந்திருந்தார்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். யாரும் போனை வைக்கவில்லை.

"ஜட்மிகோ, இன்னைக்கு ரயில் லேட்டு."

"ரொம்ப லேட்டு, பாக்."

"நாளைக்கும் லேட்டாத்தான் இருக்கும்போல."

"இருக்கும், பாக்."

"சரி, என் பொட்டலத்துல பச்சை மிளகா வைக்க மறந்துட்டான். நீ ஒண்ணு வாங்கி மிளகாயை இந்தப் பக்கம் நீட்டு."

ஜட்மிகோ கண்ணாடியை இறக்கினான்.