ஜன்னலில் இருந்த குவளை

"வாய்கிட்ட போவாதீங்க. நெஞ்சுல போட்டாப் போதும்," என்றான் நாகையா.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வாசலில் பக்கிரிசாமியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நின்று அவர் தம்பி நாகையா சொல்லச் சொல்ல, வந்தவர்கள் வாய்க்கரிசியை எட்ட நின்றே வேட்டிமேல் தூவிவிட்டு நகர்ந்தார்கள். சாம்பிராணிப் புகையை மீறியும் புண்ணின் வாடை இருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி கணவரின் உதடுகளையே பார்த்தாள். ஓர் அரிசிகூட அங்கே விழவில்லை.

வெற்றிலை அடக்கும் இடது கன்னத்தில்தான் முதலில் புண் வந்தது. ஆறுவதற்குள் கழுத்தில் கழலை கட்டியது. அன்றைக்கே அவர் விளிம்பில் நீலப் பூச்சு உதிர்ந்த ஓர் எனாமல் குவளையை ஜன்னலில் தனியாக வைத்துக்கொண்டார். கிள்ளானிலிருந்து மகள் ரமணி கைக்குழந்தையோடு வந்தபோது, வாசற்படியைத் தாண்ட விடவில்லை. பேரனைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரான ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கார்த்திகேசு படித்துப் படித்துச் சொன்னார். "இந்தப் புற்று ஒராளிட்ட இருந்து இன்னொராளுக்குத் தொத்துற வருத்தமில்லை, பக்கிரி. உம்மட சதையில ஒரு துணுக்கு அறுந்து, உள்ளுக்க இருக்கிற மெல்லிய குழாய் வழியாப் போய்க் கழுத்தில தங்கியிருக்கு. தங்கின இடத்தில வளருது. நாளைக்கு நெஞ்சுக்கும் போகும்."

"கன்னத்துலேருந்து கழுத்துக்கு வந்தது, என் புள்ளகிட்ட வராதாங்க?"

கார்த்திகேசு சற்று யோசித்தார். எதிரில் இருந்தவர் காலமெல்லாம் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். "லைன் இல்லாத இடத்துக்கு ரயில் போகுமோ? உம்மட லைன் உம்மட தோலோட முடியுது."

பக்கிரிசாமி சிரித்தார். சிரிக்க வலித்தது. வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் சொன்னார்: "லைனை விட்டு எறங்குன வண்டியெல்லாம் நான் பாத்திருக்கேன்."

குவளை ஜன்னலிலேயே இருந்தது.

"தூக்கலாமா அண்ணி?" என்றான் நாகையா, பாடைப் பக்கம் திரும்பி.

"ரமணி இன்னும் போடல தம்பி."

"கைப்புள்ளக்காரி. அவளுக்கு வேணாம். சொன்னாக் கேளுங்க."

அரிசியை உள்ளங்கையில் மூடியபடி ரமணி தாயைப் பார்த்தாள்.

தனலெட்சுமி எழுந்து வந்தாள். தாடைக்கட்டைத் தளர்த்தி, விரலால் கீழுதட்டை விலக்கி, அரிசியை உள்ளே வைத்தாள். பல்லில் பட்டு இரண்டு அரிசி கன்னத்துப் பக்கம் உருண்டன. வெளியே வெடித்திருந்த புண்ணின் ஓரத்திலிருந்து அவற்றைப் பொறுக்கி மறுபடி வாயில் இட்டாள். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இத்தன மாசமா இந்தப் புண்ண நான்தான் கழுவுனேன். என்னைப் பாரு தம்பி. எனக்கு என்ன வந்துச்சு?"

நாகையா அரை அடி விலகி நின்றான். அந்த இடத்தில் ரமணி குனிந்தாள். அப்பாவின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் போய் வெகு நாளாகியிருந்தது.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பக்கத்து வீட்டுக்காரி தூக்கில் காபி கொண்டுவந்தாள். குவளைகள் போதவில்லை. தனலெட்சுமி ஜன்னலில் இருந்ததையும் எடுத்துக் கழுவி வரிசையில் வைத்தாள்.

ஈரத்தலையோடு கடைசியாக வந்த நாகையாவுக்கு அதுதான் மிஞ்சியது. விளிம்பில் நீலப் பூச்சு உதிர்ந்திருந்ததைக் கண்டதும் கை நின்றது. அண்ணியைப் பார்த்தான். அவள் பேரனுக்குத் தூளி கட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தாள்.

உதிர்ந்த பக்கத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, அவன் குடித்தான்.