இருபது புள்ளி நான்கு

...கயிறு கையில் இருந்தது என்றுதான் ரூரிக் எல்லோரிடமும் சொன்னான், மாமனாரிடம், ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய பெண்ணிடம், பாதிரியாரிடம், வெள்ளைத் தட்டு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கயிறு கையில் இருந்தது, கைபேசியை எப்படி எடுப்பது... ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. மாமனார் தோளில் கை வைத்து, 'வேலைய விட்டுட்டு வர முடியுமாப்பா' என்றார், அந்தக் கையின் கனம் ஒரு வருஷமாக அங்கேயே இருக்கிறது. இன்றைக்குக் கயிறு உண்மையாகவே கையில் இருக்கிறது. தண்ணீரின் தெளிவை அளக்கும் தட்டு இறங்குகிறது. படகின் நிழல் விழும் பக்கம்தான் இறக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது, தட்டு மறையும் ஆழம் ஒன்று, தூக்கும்போது மறுபடி தென்படும் ஆழம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுத வேண்டும். ரூரிக்குக்கு முன் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன் இருந்தவரும். அறுபது கோடைகள். முதல் ஏடுகளில் ஆறு மீட்டர் ஆழம் வரை தட்டு தெரிந்திருக்கிறது. இப்போது மூன்றில் பச்சைப் பாசிக் கஞ்சிக்குள் கரைந்துவிடுகிறது. ஜூலைத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் சூடாகிறது, உப்புக் குறைகிறது, அடியில் மீனுக்கு மூச்சு இல்லை. அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். அதனால்தானே அவ்வளவு சுலபமாகப் பொய் எழுத முடிந்தது?

"என்ன, தட்டு தூங்கிடுச்சா?" என்றாள் கெர்டா. அவன் மனைவி லோவிசாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவள், விடுமுறைக்குப் படகோட்ட வந்திருக்கிறாள், அவளே கேட்டு வந்தாள், தங்கை புருஷன் தனியாகக் கடலுக்குப் போகிறானே என்று. "மூணு புள்ளி ஒண்ணு" என்றான். "சத்தமா சொல்லு, நீ பேசறது மீனுக்குத்தான் கேக்குது" என்றபடி ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி, மறு கையில் பென்சிலோடு எழுதினாள். இவளிடம் ஒரு வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான், இவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனுக்குப் புகைபோட்ட மீன் கொண்டுவருகிறாள்.

அன்று காலை என்ன பெரிய சண்டை. ஒன்றுமில்லை. லோவிசாவுக்கு மூன்று நாளாகத் தலைவலி. அவன் காப்பியைக் குடித்துக்கொண்டே முந்தின வாரத்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'அறுபது வருஷமா இந்தக் கடலுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுவே, இந்த மூணு நாளா எனக்கு என்னன்னு சொல்லு பாப்போம்' என்றாள். சிரித்தபடி சொன்னாளா, கோபமாகவா... குரல் நினைவில் இருக்கிறது, முகம் இல்லை. கதவை அறைந்துவிட்டு வந்தான். அளவெடுக்கும் இடத்துக்கு வரவேயில்லை. பாதி வழியில் ஒரு பாறைத்தீவின் மறைவில் படகைக் கட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி, சூடான பாறைமேல் மல்லாந்து கிடந்தான். கைபேசி அடித்தது, எடுத்துப் பார்த்தான், லோவிசா. பத்து பத்து. மறுபடி அடித்தது, பத்து பதினேழு. கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று... ஆம், அப்படித்தான் நினைத்தான், சொல்லாக நினைத்தான், தவிக்கட்டும். அப்புறம் ஏட்டை மடியில் வைத்து, மூன்று வருஷத்து ஜூலைகளைக் கண்முன் கொண்டுவந்து எழுதினான். மேல்நீரின் சூடு இருபது புள்ளி நான்கு பாகை. தட்டு மூன்று புள்ளி பூஜ்யம். விரலைக்கூடத் தண்ணீரில் நனைக்கவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி சமையலறைத் தரையில் லோவிசாவைப் பார்த்தாள். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்து உயிர் போய்விட்டது என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று அவன் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இப்போது அந்த எண் ஹெல்சிங்கியில் ஒரு வரைபடத்துக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அறுபது வருஷக் கோடு வரைந்த ஆராய்ச்சிக்காரப் பெண் எழுதியிருந்தாள், போன வருஷத்துப் புள்ளி அச்சாகக் கோட்டில் விழுகிறது, உங்கள் நிலையம்போல் நம்பகமானது வேறில்லை என்று. சரிபார்த்தேன் என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம், இன்று மாலைக்குள். எண்ணுக்குப் பக்கத்தில் கட்டம் காலியாக இருக்கிறது. போட்டுவிட்டால் முடிந்தது, அறுபது வருஷத்தில் ஒரு நாள், ஒரு துளி, கடலுக்கு என்ன நஷ்டம். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் அன்று வரவில்லை, வரவில்லையென்றால் கயிறு எங்கே இருந்தது... எல்லாம் ஒரே முடிச்சு.

வெப்பமானியை இறக்கினான். கெர்டா படகின் விளிம்பில் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டாள். "வெதுவெதுன்னு சாறு மாதிரி இருக்கு. நம்ம ஊர்க் கடலா இது? போன வருஷம் இதே வாரம் என்னா குளிரு!"

"எப்ப?"

"அதான்... அந்த நாளு." ரொட்டியைக் கீழே வைத்தாள். "நாலஞ்சு நாள் விடாம தென்மேற்குக் காத்து அடிச்சுதே, அடித்தண்ணி மேல வந்துடுச்சு. வெயில் அப்படிக் காயுது, கடல் ஐஸு. லோவிசா காலைல குளிச்சுட்டு எனக்குப் போன் பண்ணா, பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, பேச்சே வரல. தலைவலிக்கு நல்லதுன்னு எறங்கினேன், செத்தேன்னா. அப்படியேதான் சொன்னா." கெர்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாததா, நீதான் இங்க நின்னு அளந்தியே."

இருபது புள்ளி நான்கு. ஐஸ். இந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், தென்மேற்குக் காற்று விடாமல் அடித்தால் மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகும், கீழிருந்து குளிர் ஏறும், ஒரே ராத்திரியில் பத்து பாகை இறங்கும். நாலைந்து நாளும் அந்தக் காற்று அவன் முகத்திலேயே அடித்தது. பாறையில் கிடந்தவனுக்கு அது உறைக்கவில்லை. முப்பது அடி தள்ளிக் கடல் கிடந்தது, வீட்டில் அவள் கிடந்தாள்... அவன் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. அன்று கடலுக்குள் இறங்கியவள் அவள் ஒருத்திதான்.

"சொல்லு, எவ்வளவு?" கெர்டா பென்சிலோடு காத்திருந்தாள்.

"ஏட்டையும் பென்சிலையும் குடு."

வாங்கினான். போன வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினான். இருபது புள்ளி நான்கின்மேல் ஒரு கோடு. மூன்று புள்ளி பூஜ்யத்தின்மேல் ஒரு கோடு. பென்சில் முனை உடைந்தது.

"ஏய், என்ன பண்றே?"

"நான் அன்னிக்கு இங்க வரல, கெர்டா."

படகு மெல்ல ஆடியது. தொலைவில் ஒரு கடற்காகம் தலையை நீருக்குள் விட்டு எடுத்தது.

"அப்ப கயிறு?"

"பெட்டியில இருந்துச்சு."

"போன்?"

"பக்கத்துலதான் இருந்துச்சு."

கெர்டா அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும். அவள் தன் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவனிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னாள், "போனை வைக்கும்போது சொன்னா. இரு, ரூரிக்குக்கும் சொல்றேன், தண்ணி மாறிடுச்சு, அவனுக்கு இதுன்னா உசுரு, காலைல முறைச்சுக்கிட்டுப் போனான், இதக் கேட்டா எறங்கி வந்துடுவான்னா."

ஒரு வருஷமாக அந்த இரண்டு அழைப்புகளையும் உதவிக்கான கூப்பாடு என்றே சுமந்தவன் அவன், அதை எப்படிச் சுமப்பது என்று ஒருவாறு பழகியும் இருந்தான். பத்து பத்துக்கு அவள் கூப்பிட்டது கடலைச் சொல்ல. ஈரத் தலையோடு, நடுங்கும் பல்லோடு, சமாதானமாகப் போக. அவ்வளவுதான். அப்படியென்றால் ஏழு நிமிஷம் கழித்து... பத்து பதினேழுக்கு? அவன் எடுக்கவில்லையே என்று மறுபடி அதையே சொல்லவா, இல்லை, அந்த ஏழு நிமிஷத்துக்குள் அவள் தலைக்குள்...

கெர்டா இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை. வெப்பமானி நீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.