இருபத்து மூன்று வந்தால் ஐம்பத்தெட்டு வேண்டாம்

தடால்!

மடிப்புக்கூடத்தில் தள்ளுவண்டி கவிழ்ந்த சத்தம். கூடவே இரண்டு பெண்களின் கூச்சல். மாடியில் புது மென்பொருளின் முதல் நாள் ஓட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த புரோகிராமர் துள்ளி எழுந்தாள்.

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெரிய சலவை நிலையம் அது. யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பதினெட்டு வருடமாகச் சொல்லி வந்தது ஒரு பழைய டேட்டாபேஸ் புரோகிராம். எழுதிய ஆள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதைப் புதிய தளத்துக்கு மாற்றியிருந்தாள் அவள்.

மேனேஜரம்மா மாடியிலேயே இருந்த தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் தட்டும் டம்ளரும் தயாராக இருந்தன, சாப்பாட்டைத்தான் காணோம். முகம் கடுகடுவென்றிருந்தது. இருபத்து மூன்றாம் நம்பர் ஊழியரையும் ஐம்பத்தெட்டாம் நம்பர் ஊழியரையும் ஒரே ஷிஃப்டில் போட்டால் கூடம் ரணகளமாகாமல் என்ன ஆகும் என்று பொரிந்து தள்ளினார். பழையதில் இருந்தது எல்லாம் புதிதிலும் இருந்தாக வேண்டும். மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் பழைய புரோகிராமே போதும், அவள் மூட்டையைக் கட்டலாம்.

பழைய புரோகிராமின் எந்த வரி என்று அவளுக்குத் தெரியும். ‘23 வந்தால் 58 வேண்டாம்.’ பக்கத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி மட்டும் இருந்தது. காரணம் யாருக்கும் தெரியாததால் புதிதில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

சண்டைக்காரிகளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று கீழே ஓடினாள். அங்கே இரண்டு பேரும் படுக்கை விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டபடி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகளாம். சின்னவளை வண்டியில் உட்காரவைத்துப் பெரியவள் தள்ளியிருக்கிறாள். திருப்பத்தில் குடை சாய்ந்துவிட்டது.

“அந்த வரிய மறுபடி எழுதிடாத கண்ணு,” என்றாள் பெரியவள். “பதினோரு வருஷமா இவ உள்ள வரும்போது நான் வெளிய போறேன். வீட்டுச் சாவி குடுக்கிற நேரம்தான் மூஞ்சியே பார்ப்போம்.”

எழுதச் சொன்னது யார் என்று கேட்டதற்கு இருவரும் மாடியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவள் ஒரு படிவத்தோடு மேலே போனாள். ஒவ்வொரு வரியும் ஏன் சேர்ந்தது, யார் கேட்டது என்று இரண்டு கட்டங்கள் அதில் இருந்தன.

“இப்பவே சேர்த்துடறேன் மேடம். இந்த ரெண்டையும் நிரப்பிக் கையெழுத்து போட்டுடுங்க. ஒரு காப்பி தலைமை ஆபீசுக்குப் போகும்.”

மேனேஜரம்மா பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கடைசியில் படிவத்தைத் தள்ளிவிட்டு, புது மென்பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு காலித் தட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:

“ரெண்டு மருமகளும் ஒரே நேரத்துல இங்க வந்துட்டா, வீட்டுல இருந்து எனக்குச் சுடச்சுடச் சாப்பாடு யாரும்மா குடுத்தனுப்புறது?”