கறை படுவதற்கு முன்னால்

வேன் கிளம்பிய பிறகுதான் அக்கா அந்த மாத்திரையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை அவளே திறந்து நீட்டினாள். அந்த அக்கறையே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“என்னது இது?”

“அலர்ஜி மாத்திரை. கேள்வி கேக்காம முழுங்கு.”

முழுங்கினேன். எங்கள் சலவைக்கூடத்தில் அவள் வேலை செய்வதும் இப்படித்தான். கறை இருக்கிறதோ இல்லையோ, எல்லாச் சட்டைக் காலரிலும் முன்கூட்டியே மருந்து தடவிவிடுவாள். அப்புறம் எதுவும் ஒட்டாதாம். இன்றைக்கு நானும் ஒரு காலர்.

முதல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று எனக்கு உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. தொண்டைக்குள் ஈரத் துண்டைத் திணித்ததுபோல மூச்சு நின்று நின்று வந்தது. அக்கா கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். “வேலைக்கு டிமிக்கி குடுக்க என்னமா நடிக்கிறா,” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார். தொடையில் ஓர் ஊசி போட்ட பிறகே மூச்சு திரும்பியது. இதைச் சொல்லாமல் அடுத்த டோஸுக்குப் போய்விடாதீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது, மறுநாள் வந்திருந்த அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் எங்களிடம் போர்வைகளைச் சலவைக்குப் போடும் பெரிய ஹோட்டல், இரண்டு ஊசியும் போட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டது. மாடி மாடியாக ஏறி அழுக்குத் துணி எடுத்து வருபவள் நான். ஹோட்டல் போனால் கூடமே படுத்துவிடும். அக்கா யோசித்தது அவ்வளவுதான்.

பூப்பந்து ஆடும் அரங்கில் ஊசி போட்டார்கள். தரையின் வெள்ளைக் கோடுகள் மேல் நாற்காலிகள். அக்கா முதலில் போட்டுக்கொண்டு, பஞ்சை அழுத்தியபடி என் பக்கத்திலேயே நின்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

“முதல் டோஸ் போட்டப்ப ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?”

“கை வலிச்சுது. அவ்வளவுதான்,” என்றாள் அக்கா.

“உங்களைக் கேக்கலம்மா. அவங்களைக் கேக்குறேன்.”

“அவ பேசமாட்டா. வீட்ல அவ பேரே ஊமை.”

“அப்போ ஊமைக்கும் சேத்து நீங்களே போட்டுக்கங்க, வரிசையாவது நகரும்,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாரோ சிரித்தார்கள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. ஊசி அவள் கையில் தயாராக இருந்தது. அக்காவின் செருப்பு என் பாதத்தை மிதித்தது. மிதித்த இடத்தைவிடத் தொண்டைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“உதடு வீங்கிச்சு,” என்றேன். “மூச்சு அடைச்சுது. ஆஸ்பத்திரில சேத்தாங்க.”

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தாள். “இன்னிக்கு மாத்திரை ஏதாவது போட்டீங்களா?”

“அலர்ஜி மாத்திரை. வண்டில இவ குடுத்தா.”

“முன்னாடியே போட்டுட்டா ஒண்ணும் வராதுல்ல?” என்றாள் அக்கா.

“வர்றதை அது தடுக்காதும்மா. தோல்ல தெரிய வேண்டியதை மறைக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள மூச்சு அடைக்கும். நாங்களும் நல்லாத்தான் இருக்காங்கன்னு உக்காந்திருப்போம்.” பிறகு என்னிடம் திரும்பினாள். “இந்த எம்.ஆர்.என்.ஏ. ஊசியை உங்களுக்கு இப்ப போடமாட்டோம். வேற வகை ஊசி போடலாமான்னு டாக்டர் பாத்து சொல்லுவார். அங்க உக்காருங்க, கூப்பிடுவாங்க.”

ஊசி போட்டவர்கள் கால்மணி நேரம் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அக்காவால் எழுந்து போகவும் முடியவில்லை. டாக்டருக்காக நான் காத்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலிதான் அவளுக்குக் கிடைத்தது.

“குளுகுளுன்னு இருக்கா?” என்றாள். “அத்தனை பேர் முன்னாடி என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியே.”

“நீ மாத்திரை குடுத்தன்னு மட்டும்தானே சொன்னேன்.”

“இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவ இன்னிக்குத்தான் திறக்கணுமா?”

“அன்னிக்குத் திறந்தேனே, மூச்சு விட. நடிக்கிறான்னு சொன்ன.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே வலை இல்லாத இரண்டு கம்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

“டாக்டர் எழுதிக் குடுத்தா ஹோட்டல்ல காட்டலாம்,” என்றேன்.

“நீயே காட்டு. எனக்கு ரெண்டு ஊசி போட்டவளா ஒருத்தி கிடைப்பா.” கையை நீட்டினாள். “சாவி.”

கூடத்துச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். நீட்டிய கை மடங்கவில்லை.

“மாடி வீட்டுச் சாவி?”

“அது அம்மா நம்ம ரெண்டு பேருக்கும் விட்டுட்டுப் போன வீடு. தரமாட்டேன்.”

ஊசி போட்டவர்களைக் கண்காணிக்க நின்ற பெண் அக்காவிடம் வந்து, மூச்சு, அரிப்பு எதுவும் இல்லையே என்று கேட்டாள். இனி வீட்டுக்குப் போகலாம், நாளைக்குக் காய்ச்சல் வந்தாலும் வரும், நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றாள். அக்கா எழுந்தாள்.

“இனிமே வீங்கினா என்னைக் கூப்பிடாத.”

“அன்னிக்கே உன்னைக் கூப்பிடலையே.”

அவள் போன சற்று நேரத்தில் எங்கள் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. டாக்டர் அறையின் கதவு திறந்து, “மூச்சுத் திணறல் வந்தவங்க யாரு?” என்று ஒரு குரல் கேட்டது.

“நான்தான்,” என்றேன். அரங்கத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.